தினமும் ஒரு ரோஜா

லிங்கி தோட்டத்துச் சபையில் எங்கள் வாலிபர் குழுவை நடத்தியவரை எல்லோரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தபோது தலையில் கைவைத்து, "எங்க போனாலும் ஒன்ன விடமாட்டோம்" என்றார்.

விடவில்லைதான். செனாவாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் தினமும் காலையில் ரோஜாப் படத்தோடு ஒரு வேதவசனம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். படித்து முடித்துப் போன அத்தனை பேருக்கும் அதே ரோஜா. பூக்கடைக்காரன்கூட ஆள் பார்த்துப் பூக் கொடுப்பான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஒரு தடவ வந்து பாருங்க பிரதர்" என்று எழுதினேன். படித்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. மறுநாள் ரோஜா வந்தது. அவர் வரவில்லை.

போன மாதம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டருகே மனிதர் நிற்கிறார். சபை ஆண்டுவிழாவில் பழைய பிள்ளைகளைத் திரையில் காட்டப்போகிறார்களாம். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பிரதர் ஒன்ன எப்படித் தாங்குறேன்னு ஒரு சாட்சி சொல்லும்மா. ஒங்கம்மா சொகத்துக்குக்கூட தெனமும் ஜெபிக்கிறேன் லா."

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே சொன்னேன்.

"நல்லா உருக்கமா ஜெபிங்க பிரதர். அம்மாவ அடக்கம் பண்ணி ரெண்டு வருசமாச்சு. இன்னும் எந்திரிக்கல."