எவரார்டு என்று பெயர் வைத்த கதை

விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில், கதை அளப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கூட வேலை பார்க்கும் ஸ்ரீமுஷ்ணத்துக் குமார், பல வருடம் காத்திருந்து பிறந்த மகனுக்கு என்னிடம் பெயர் கேட்டான்.

"ஜோசியரு 'எ'ல ஆரம்பிக்கச் சொல்றாருண்ணே. ஊர்ல ஒருத்தனுக்கும் இருக்கக் கூடாது."

"எவரார்டுன்னு வையி. இங்கிலாந்து ராஜாங்க பேருடா."

எங்கோ காதில் விழுந்த பெயர். ராஜா மட்டும் என் கைச்சரக்கு.

பெயர் சூட்டும் நாளில், அவன் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லி முடித்த பிறகுதான் போனில் தேடினேன். பழைய ஜெர்மன் சொல்லில் பிறந்து, இப்போது இங்கிலாந்திலேயே அபூர்வமாகிவிட்ட பெயராம். அர்த்தம், காட்டுப்பன்றி போலத் துணிந்தவன். தவமிருந்து பெற்ற பிள்ளையைப் பன்றியாக்கிவிட்டேனே!

குமாரிடமும் அவன் மனைவியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு, அடி வாங்கக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"எங்க ஊரு பூவராகசாமியே பன்னி அவதாரம்தானேங்க! அவருகிட்ட வேண்டித்தான் இவன் பொறந்தான். தெரிஞ்சுதானேண்ணா சொன்னீங்க?"

"சத்தியமாத் தெரியாதும்மா."

"அப்ப அவருதான் உங்க வாயால சொல்லியிருக்காரு" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

அன்றிலிருந்து எதையாவது அளக்க வாயைத் திறந்தால், எனக்கே லேசாகப் பயமாக இருக்கிறது.