புதன்கிழமைத் தண்ணீர்

இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கேள்வியைக் கண்டுபிடித்தவள் என் தோழிதான். குற்றாலத்தில் சாரல் காலத்துக் கூட்டம் கூடினால், அருவிக்குக் கீழே ஓடும் தண்ணீரில் எண்ணெயும் கூடுமா? திட்டமிடுவது என் பங்கு. எங்கே எடுப்பது, எந்த நேரம், எத்தனை பாட்டில் என்று வரிசையாக எழுதினேன். கூட்டமுள்ள நாளுக்குச் சனி. கூட்டம் குறைந்த நாளுக்குப் புதன். வியாழன்தோறும் எங்களுக்கு ஆய்வகம் கிடைத்தது, அதனால்.

சீசன் முழுக்க நனைந்தபடி தண்ணீர் எடுத்தோம். அவள் அச்சன்புதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். எண்ணெயைப் பிரித்து எடை போட்டால் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. கூட்டத்துக்கும் எண்ணெய்க்கும் தொடர்பில்லை என்று முடிவுரை எழுதினோம். கைடுக்கு ஒரே சந்தோஷம். துறையிலிருந்து மாநிலக் கண்காட்சிக்குப் போவது எங்கள் புராஜெக்ட்தான் என்றார். அங்கே பரிசு வாங்கினால் மேல்படிப்புக்கு அனுப்புவதாக அவள் அப்பாவும் சொல்லியிருந்தார்.

பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டிய அன்று காலையில் போன் செய்தாள். தலையில் நல்லெண்ணெய் வழிய, தோளில் துண்டோடு அவள் அப்பா பம்புசெட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்.

"ஏட்டி, இன்னைக்குப் புதன்லா. ஆம்பளையாளு எண்ணெ தேய்ச்சுக் குளிக்குத கிழமை. சனியும் அதான்."

எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். என் பட்டியலில் 'ஏன் இந்தக் கிழமை' என்ற வரி மட்டும் இல்லை. கூட்டம் குறைந்த நாள் என்று நாங்கள் எடுத்ததும் எண்ணெய் நாள்; எண்ணெய் தேய்க்காத நாளின் தண்ணீரை நாங்கள் அளக்கவே இல்லை. திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கலாம் என்றால், சீசன் முடிந்து அருவி நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடலாமே என்றேன்.

"முடிவே தப்புன்னு தெரிஞ்ச பெறவு, மேடையில நின்னு எப்படிட்டி சொல்லுதது?"

அன்றே உட்கார்ந்து முடிவுரையை மாற்றினாள். கூட்டத்தின் விளைவை இந்த அளவுகளால் சொல்ல முடியாது, கிழமை வழக்கமும் அதில் கலந்திருக்கிறது என்று எழுதி, அடுத்து எடுப்பவர்கள் எந்தெந்தக் கிழமை எடுக்க வேண்டும் என்பதையும் காரணத்தோடு சேர்த்தாள். அவளே கைடிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். கண்காட்சிக்கு வேறொரு குழு போயிற்று.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"என் தலை எண்ணெயா ஒன் பரிசக் கெடுத்துச்சுன்னு அப்பா சிரிச்சாக. பெறவு, யாரும் கண்டுபிடிக்கலல்லா, நீயா ஏன் போய்ச் சொன்னன்னு கேட்டாக. ஒங்கிட்ட சொன்னதத்தான் சொன்னேன். மேல்படிப்புக்கு அப்ளிகேசன் போடுன்னுட்டாக."