மங்கை அக்காவின் மேசைக்குப் போன இரண்டு பில்கள்

சிங்கப்பூரில் ஜூரோங் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: மங்கை அக்கா காலமாகிவிட்டார். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் பள்ளியின் நிர்வாக மேலாளராக இருந்து, கல்வி அமைச்சு தரும் செலவுப் பணத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர். அவரிடம் திட்டு வாங்காத ஆசிரியர் எங்களில் யார்?

ஒருமுறை பள்ளி முதல்வர், அவரும் தமிழர்தான், தம் அறைக்குப் புதிய சோபா கேட்டார். மாணவர் நிகழ்ச்சிக் கணக்கில் பணம் மீதமிருந்தது. அக்கா விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், இது பிள்ளைங்களுக்கு வந்த காசு. உங்க சோபாவுல எந்தப் பிள்ளையும் உட்காரப் போறதில்ல லா." முதல்வர் சிரித்துவிட்டார். அவர் ஓய்வு பெறும்வரை பழைய சோபாதான்.

என் கதை அவ்வளவு சிரிப்பாக இல்லை. பள்ளித் தீபாவளிக் கொண்டாட்டத்துக்குத் தோரணம், கோலமாவு, முறுக்கு எல்லாம் லிட்டில் இந்தியாவில் எனக்குப் பழக்கமான கடையில் வாங்கினேன். தொகை, ஒரு பில்லுக்குப் பள்ளி வைத்திருந்த வரம்பைத் தாண்டியது. தாண்டினால் மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும். எனக்குச் சோம்பல். கடைக்காரர், "ரெண்டு பில்லா போட்டுடவா, சார்?" என்றார். தலையாட்டினேன்.

அக்கா இரண்டு பில்களையும் மேசையில் அருகருகே வைத்தார். "ஒரே நாள், ஒரே கடை, அடுத்தடுத்த நம்பர். என்ன சார் இது?"

"ஒரு வெள்ளி காசுகூட நான் எடுக்கல, அக்கா."

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே."

நடந்ததை அப்படியே எழுதித் தரச் சொன்னார். அந்த ஆண்டு துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. தணிக்கையாளர்கள் வரவிருந்தார்கள். எழுதினால் பதவி போய்விடும் என்று கெஞ்சினேன். "போனா போகட்டும் சார், அடுத்த வருஷம் வரும்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

தணிக்கையன்று என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதிகாரி கேட்கும் முன்னே கோப்பைத் திறந்து காட்டினார். தவறு எங்களுடையது, நாங்களே கண்டுபிடித்தோம், மேற்பார்வை தம் பொறுப்பு என்று தம் பெயரையும் சேர்த்தே சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது எச்சரிக்கை மட்டுமே. ஆனால் பதவி போனது போனதுதான். அதை வாங்கித் தர அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அது எனக்கு வலித்தது. இப்போது அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு அதே பதவிக்கான நேர்காணலில், "உங்களை நம்பி ஏன் ஒரு துறையின் பணத்தைத் தர வேண்டும்?" என்று கேட்டார்கள். அந்த இரண்டு பில்களைப் பற்றி நானே சொன்னேன். பதவி கிடைத்தது.

மங்கை அக்கா எனக்கு விட்டுச்சென்றது இதுதான்: என் பெயருள்ள எந்தக் கோப்பையும், நான் இல்லாத நேரத்திலும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.