பறை காய்ச்ச ஒரு பிடி வைக்கோல்

சென்ற ஆண்டு தேனியில் ஒரு மைதானத்தில் இசை விழா. ஜாஸ், ப்ளூஸ், ஆப்பிரிக்க முரசு என்று வெளியூர்க் குழுக்களோடு, ஜெயமங்கலத்திலிருந்து என் அப்பாவின் பறைக் குழுவையும் அழைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். ஆங்கிலப் படிவத்தை நானே நிரப்பினேன். ‘மேடையேறும் முன் என்ன தேவை?’ என்ற கேள்விக்கு, அப்பாவைக் கேட்காமலே ‘எதுவும் இல்லை’ என்று எழுதினேன். கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

அன்று சாரல் விழுந்து பறைத்தோல் தொய்ந்துவிட்டது. காய்ச்சி முறுக்கேற்ற அப்பா வைக்கோலைக் கொளுத்தப் போனார். அமைப்பாளர் ஓடிவந்து தடுத்தார்.

“தீ மூட்டக் கூடாது. எதுவும் வேணாம்னு நீங்கதான எழுதுனீங்க?”

“அங்கன கிடார்காரவுக அரை மணி நேரமாக் கம்பி முறுக்குறாக. அது மட்டும் பரவாயில்லையா?” என்றேன்.

“அவங்க முன்னாடியே எழுதிக் கேட்டாங்க.”

“விடு ஆத்தா” என்று அப்பா தொய்ந்த பறையோடு மேடையேறினார்.

“ஏலே, அட்டைப்பெட்டியவா தட்டுறாக?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, சுற்றிலும் சிரித்தார்கள். அப்பா கடைசி அடி வரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அமைப்பாளர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. என் மேல் அதைவிட அதிகம். இப்போதெல்லாம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்விகளை வாசித்துக் காட்டிய பிறகே எழுதுகிறேன். தேவை: வைக்கோல், தீ மூட்ட இடம், கால் மணி நேரம். தர முடியாதென்றால் நாங்கள் வரமாட்டோம் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுகிறேன்.