எதிராளி பக்கம் பேசும் மைக்

கல்யாண வீட்டுத் தென்னையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த ரெமிஜியஸ், அதை வயல் பக்கமாகத் திருப்பிவிட்டார். அடுத்த வீட்டில் அம்சத்தின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். "காத்து அந்தப் பக்கம்தாங்க அடிக்குது" என்று கல்யாணக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். வாசலில் நின்ற அம்சத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

கீழ்வேளூருக்குத் தெற்கே அவர்தான் மைக் செட்டுக்காரர். ஆம்ப்ளிஃபயருக்குச் சிலுவை போட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். மைக்கில் "ஹலோ" சொல்லமாட்டார், "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்பார். ஊர்ப் பஞ்சாயத்து வழக்கென்றால் வாடகை கிடையாது. ஆனால் ஒரு சட்டம் உண்டு: மைக் பிடித்தவர் முதலில் எதிராளியின் நியாயத்தைச் சொல்லவேண்டும். எதிராளி "ஆமா, அதான்" என்ற பிறகே தன் நியாயம்.

அம்சத்தின் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். அவள் ஒண்டியாகச் சம்பா விதைத்த மறுநாள், வாத்து மேய்க்கும் துரைராசுவின் வாத்துகள் வயலில் இறங்கி விதையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டது. கோபத்தில் ஊரார் வாத்துகளைப் பிடித்து அடைத்தார்கள். துரைராசுவுக்குப் பிழைப்பே அவைதான்.

ஊர்ப் பஞ்சாயத்தில் அம்சம் முதலில் மைக் பிடித்தாள். "வாத்துக்கு வரப்பு தெரியாது. ராப்பூரா காவல் இருந்த மனுசன், விடிய கண் அசந்துட்டாரு."

"ஆமா, அதான்" என்றார் துரைராசு. அவர் முறை வந்தபோது மைக்கை ரெமிஜியஸ் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வாங்க, ஒரு டீ குடிப்போம்" என்று ரெமிஜியஸ் அவரை மரத்தடிக்கு அழைத்துப் போனார். கையில் நீள ஒயரோடு மைக். சுவிட்சை அணைக்கவில்லை.

"இடுப்புல புள்ளைய வச்சிக்கிட்டு வெதச்சுதுண்ணே அந்தப் பொண்ணு. என் கண்ணால பாத்தேன். எந்த மூஞ்சியோட பேசுவேன்? வெத நெல்லு நான் தாரேன், நானே எறங்கி வெதைக்கிறேன். ஒத்துக்குமா அது?"

வயல்வெளி முழுக்கக் கேட்டது. தங்கள் ஆளின் குரல் கேட்டதும் அடைபட்ட வாத்துகள் ஒரே கூச்சலாகப் பதில் கொடுத்தன. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அம்சம் மைக் இல்லாமலே கத்தினாள்: "ஆமாண்ணே, அதான்!"

மறந்துவிட்டீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்டால், "பழைய சுவிட்சுங்க, அது இஷ்டம்" என்பார் ரெமிஜியஸ்.

துரைராசு விதைத்த பயிர் நன்றாகவே விளைந்தது. அறுப்பு முடிந்து தாள் நின்ற வயலில் அவருடைய வாத்துகளை அம்சமே கூப்பிட்டு மேயவிட்டாள். பிறகு புருஷனோடு இருக்கத் திருப்பூருக்குக் கிளம்பினாள். பஸ் நிற்குமிடத்துக்கு வந்த ரெமிஜியஸ், ஒயர் இல்லாத பழைய மைக் ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"வீட்டுக்காரரோட சண்டை வந்தா இதப் புடிச்சிக்க, தங்கச்சி. மொதல்ல அவரு பக்கம் பேசு."

"அப்ப என் பக்கம் யாருண்ணே பேசுவா?"

"அதுக்குத்தான், பேசி முடிச்சதும் மைக்கை அவரு கையில குடு."