இரஞ்சிதம் அக்கா பார்த்துக்கொண்ட தையல் மெசின்

புதுக்குடியிருப்பில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் இரஞ்சிதம் அக்காவிடம் பேச்சு வாங்க வேண்டும். "செருப்பைக் கழட்டுங்கோ. ஒண்டிலயும் கை வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்!" கூரை போய்க் கிடந்த அந்தப் பழைய கல்வீட்டை ஊர்க்காரர் நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் திருத்தி எடுத்தோம். அக்கா கூட்டித் துடைக்கிறேன் என்று வந்தவர். இப்போது செயலாளரான என்னையே அதட்டுகிறார்.

கழிவறைக்குக் குழி வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்று வந்தது. கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, இடம்பெயர்ந்து ஓடும்போது யாரோ புதைத்துவிட்டுப் போனது. அதை முன்னறையில் வைத்தோம். வருகிற சனமெல்லாம் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் படமெடுக்கும். எங்களிடம் இருந்த ஒரே பெருமை அதுதான்.

அக்கா ஞாயிறுதோறும் அதற்கு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றுவார். எனக்கு எரிச்சல் வரும்.

"அக்கா, இது சும்மா பார்க்க வைச்சது. ஓடத் தேவையில்லை."

"உரிய ஆள் வந்து கேக்கேக்க துருப்பிடிச்சதைக் குடுக்கிறதே?"

"இனி ஆர் அக்கா வரப்போகினம்?"

"வாயைக் கழுவும்!"

அந்தக் கோபத்தின் காரணம் ஊருக்கே தெரியும். போரின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக நடக்கும்போது அக்காவின் கணவர் கணபதி காணாமல் போனார். அக்கா தேடாத இடமில்லை. இன்றைக்கும் குங்குமப் பொட்டோடுதான் வேலைக்கு வருவார்.

போன ஆவணியில் பூவரசங்குளத்திலிருந்து சிவலட்சுமி என்றொரு பெண்ணும் அவர் கணவர் வீரகத்தியும் வந்தார்கள். வாசலில் நின்றபடியே சிவலட்சுமி கேட்டார்.

"இஞ்ச ஒரு மெசின் கிடக்காம். அதின்ர கைபிடி பாலைக் கட்டையோ? இவர் செதுக்கினது. கோணலாக் கிடக்கும்."

"அந்தக் கோணலோடதான் ஊருக்கே சட்டை தைச்சவள்," என்றார் வீரகத்தி.

நான் முன்னறையை எட்டிப் பார்த்தேன். கைபிடி பாலைக் கட்டைதான், கோணல்தான். ஓடுகிற வழியில் தங்கிய இந்த வீட்டு வளவில்தான் புதைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கூரையும் வேலியும் போன வீடெல்லாம் ஒரே மாதிரி நின்றிருக்கிறது. வேறு யாருடையதோ வளவைக் கிண்டி, ஏச்சும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், பாவங்கள்.

"கூட்டம் வைச்சுத்தான் முடிவெடுக்கலாம்," என்று இழுத்தேன். அதுவும் போனால் முன்னறையில் என்ன மிச்சம்? ஓர் உரலும் ஒரு லாம்பும்!

அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நீங்கள் வாங்கோ பிள்ளை," என்று சிவலட்சுமியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஊசியில் நூலைக் கோத்து, தன் சேலைத் தலைப்பையே நீட்டினார். "தைச்சுப் பாருங்கோ."

மெசின் டக்டக்கென்று ஓடியது. சிவலட்சுமி கைபிடியை விடாமல் விம்மி அழுதார். அக்காவும் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன்.

வீரகத்தி மெசினைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. "இனி இந்த மேசையில என்னத்தை வைக்கிறது அக்கா?"

அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் வைக்க வேண்டாம். சனம் கேக்கும். தேடி வந்தவா, கிடைச்சுது, கொண்டுபோயிட்டா எண்டு நான் சொல்லுவன். அப்பிடிச் சொல்ல எனக்கும் ஒரு கதை வேணுமெல்லோ தம்பி."