ஹெஸ்டருக்கு ஒரு பூசை

அருமைநாயகி யாரிடமும் பெரிதாக எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. சொந்த ஊரான பேசாலையில் பேசிவைத்த கலியாணம் போரோடு நின்றுபோனது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அண்ணன் பீற்றர் லண்டனுக்குக் கூப்பிட்டு, சட்டனில் தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தார். அவருடைய பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். அவர்கள் தலையெடுத்த பிறகு, வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்படிப்பட்டவள் மாசிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்ததும், கத்தோலிக்கக் கோயில் வாசலில் கிறிஸ்துராஜா சுவாமியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சுவாமி, ஒரு ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்க வேணும். பேர் ஹெஸ்டர் வேன்ஃபோர்ட்.”

“நீங்கள் வேலையிலை பாத்த ஆளோ, அக்கா?”

“இல்லை சுவாமி. நாவல் எழுதினவ. செத்து இருநூறு வருஷமாகுது.”

சுவாமி கழுத்துத் துண்டைச் சரிசெய்தார். “யோசிச்சுச் சொல்லுறன்,” என்றார்.

ஹெஸ்டர் அவளுக்குக் கிடைத்தது விம்பிள்டனில், அவள் பராமரித்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கட்டிலருகே. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் தூங்கிவிடுவார். ஒருநாள் பொழுது போகாமல் அங்கே கிடந்த புத்தகத்தை நடுவிலிருந்து பிரித்தாள். தட்டுத்தடுமாறித்தான் வாசித்தாள். அதில், விருந்துக்கு வந்த ஒரு சொந்தக்காரி எழும்பிப் போக மனமில்லாமல் இருந்துகொண்டு, திரைச்சீலை என்ன விலை என்று கேளாதது போலக் கேட்கிறாள். அருமைநாயகி சிரித்த சிரிப்பில் கிழவர் விழித்துவிட்டார். இதை எழுதிய பெண்ணுக்கு எங்கள் சனத்தை எப்படித் தெரியும் என்று அன்று முழுக்க அவளுக்கு ஆச்சரியம்.

மற்ற நாவல்களை பஸ்ஸிலும் ட்ராமிலும் வைத்து வாசித்தாள். முடித்தவற்றை மறுபடியும் வாசித்தாள். பின்பக்கங்களில் இருந்த வாழ்க்கைக் குறிப்பும் மனதில் பதிந்துவிட்டது. ஹெஸ்டர் கலியாணம் கட்டவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் எழுதினாள்; ஆள் வரும் சத்தம் கேட்டால் தாளின் மேல் தையல் துணியை இழுத்துப் போட்டாள். புத்தகங்கள் பெயர் இல்லாமல் வெளிவந்தன. நெஞ்சு வருத்தத்தில் படுக்கையில் விழுந்து, இளவயதில் போய்ச் சேர்ந்த பிறகுதான் யார் எழுதியது என்று ஊருக்குத் தெரிந்தது.

பிள்ளைகள்தான் பெற்றவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு யார் கொடுப்பது? அந்தக் கேள்வியில் தனக்கும் பங்கு இருப்பதை அருமைநாயகி அறிவாள். ஒருமுறையாவது அந்தப் பெயரைக் கோயிலில் உரக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

வீட்டில் பீற்றர் கேட்டார்: “உனக்கென்ன விசரே? எங்களைப் பெத்த அப்பு ஆச்சிக்குக் குடு. உவ எங்களுக்கு ஆர்?”

“அப்பு ஆச்சிக்கு நீங்கள் குடுக்கிறியள்தானே, அண்ணை. இவவுக்கு ஒருத்தரும் இல்லை.”

“உலகம் முழுக்க வாசிக்குது எண்டாய். பிறகென்ன ஒருத்தரும் இல்லை?”

“வாசிக்கிறவை பூசை குடுக்கிறேல்லை.”

பீற்றரின் மகள் ஷெறோன் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “மாமி, அவ கத்தோலிக்கமே இல்லை. மேலேயிருந்து கொம்ப்ளெயின்ற் பண்ணப் போறா.”

“பண்ணட்டும். நல்ல பகிடியா, சிரிக்கச் சிரிக்கப் பண்ணுவா.”

புதன்கிழமை சுவாமி அவளுக்கு ஃபோன் எடுத்தார். செபிக்கத் தடையில்லை, பெயரையும் வாசிக்கிறேன் என்றார்.

அந்த ஞாயிறு அருமைநாயகி விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தாள். பூசை கொடுத்தவர்கள் மண்டபத்தில் ஏதாவது பரிமாறுவது வழக்கம். பீற்றர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே காரை ஓட்டினார்.

“காலஞ்சென்ற ஹெஸ்டர் வேன்ஃபோர்டின் ஆத்தும இளைப்பாற்றிக்காக,” என்று சுவாமி வாசித்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெயர் கூரைவரை போய் வந்தது போலிருந்தது.

மண்டபத்தில் முதலில் வந்து கட்டிப்பிடித்தவர் பிலோமினம்மா. கோயிலில் ஒரு செத்தவீட்டையும் தவறவிடாதவர்.

“நீர் பாத்த மனுசியோ, பிள்ளை? என்ன வயசு?”

“நாப்பத்திமூண்டு.”

“ஐயோ, சின்ன வயசு. பிள்ளையள்?”

“இல்லை. கலியாணம் கட்டேல்லை.”

பின்னால் நின்ற பெண்களும் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அருமைநாயகிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அவ செத்து இருநூறு வருஷம். கதை எழுதினவ. எனக்குப் பிடிக்கும். அதுதான்.”

கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டார்கள். பீற்றர் ரோல்ஸ் தட்டைக் கையில் ஏந்தியபடி சுவரைப் பார்த்தார்.

பிலோமினம்மா ஒரு ரோலை எடுத்துக் கடித்தார். நன்றாக மென்றார். “ஏன் கட்டேல்லை? ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“ஒருத்தர் கேட்டவர். இவதான் வேண்டாம் எண்டவ.”

“ஆள் சரியில்லையோ?”

“சாப்பிடேக்கை சத்தம் போடுறவராம்.”

“பின்னை நல்ல வேலைதான் செய்திருக்கிறா. பிறகு ஆர் பாத்தது?”

“தமையன். வீட்டிலை ஒரு மூலை குடுத்தவர்.”

“மூலையோ? அறை இல்லையோ? உவர் என்ன தமையன்?”

கதிரைகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி எப்படிப்பட்டவள், எழுதிய காசு யார் கைக்குப் போனது, என்ன வருத்தம், கடைசியில் பக்கத்தில் யார் இருந்தது என்று கேள்விமேல் கேள்வி. போன கிழமை செத்த ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்கள். அருமைநாயகி தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

“அந்தத் தமையன் ஒரு பூசையாவது வைச்சவரோ?” என்று பிலோமினம்மா கேட்டார்.

“தெரியாது.”

பீற்றர் தட்டை மெல்ல மேசையில் வைத்தார்.

திரும்பிப் போகும்போது, சட்டன் சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: “வாற வருஷம் என்ரை பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லு. தமையனும் தங்கச்சியும் குடுக்கினம் எண்டு.”

“நீங்கள் அவவின்ரை ஒரு பக்கமும் வாசிக்கேல்லையே, அண்ணை.”

“நீ சொல்லன். கேக்கிறன்.”

எதிலிருந்து தொடங்குவது என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒரு வீட்டுக்கு விருந்துக்கு ஒரு மனுசி வாறா,” என்றாள். “வந்தவ போறாவில்லை. இருந்துகொண்டு திரைச்சீலையைத் தடவித் தடவிப் பாக்கிறா.”

“எங்கட ஊர்ச் செல்வமலர் மாதிரி,” என்றார் பீற்றர்.

“அவவேதான். அப்ப வீட்டுக்காரி என்ன செய்யிறா எண்டால்...”

விளக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். பீற்றர் அவள் பக்கம் திரும்பியபடியே இருந்தார்.